மூன்று நாளுக்கு ஒருமுறை ஒரே பிளாக்கை இரண்டு இடத்துக்குக் கொடுத்துவிடும் மெமரி பூல்: எங்கே தவறுகிறேன்?

விதைநெல்

வணக்கம். ஒரு சிறு கருவிக்கு சி மொழியில் நிரல் எழுதிக்கொண்டிருக்கிறேன். கார்ட்டெக்ஸ் எம்0 சிப், ரேம் 32 கேபி. சென்சார்களிலிருந்து சீரியல் வழியாகச் செய்திகள் வரும். அவற்றை வரிசையில் வைத்து ரேடியோவில் மேலே அனுப்பவேண்டும். "கிடைத்தது" என்று பதில் வரும்வரை ஒவ்வொரு செய்தியையும் கையில் வைத்திருக்கவேண்டும். செய்தியின் நீளம் 40 பைட்டும் இருக்கும், 200 பைட்டும் இருக்கும்.

முதலில் 20 கேபி ஹீப் (நிரல் ஓடும்போது இடம் கேட்டு வாங்கும் பகுதி) ஒதுக்கி, இடம் வாங்கும் மாலக், திருப்பித் தரும் ஃப்ரீ இரண்டையும் வைத்தே ஓட்டினேன். பத்துப் பதினோரு நாள் நன்றாக ஓடும். பிறகு ஒருநாள் 180 பைட் கேட்டால் நல் (இடம் இல்லை என்று சொல்லும் வெற்றுப் பாயிண்டர்) வரும். அந்த நேரத்தில் காலியாக இருக்கும் பைட்டுகளைக் கூட்டிப் பார்த்தால் 6 கேபிக்கு மேல் இருக்கிறது. இடம் சிதறிப்போனதுதான் காரணம் என்று புரிந்தது.

அதனால் மாலக்கை முழுதாக எடுத்துவிட்டு, ஒரே அளவு பிளாக்குகள் கொண்ட பூல் ஒன்றை நானே எழுதினேன். 208 பைட்டில் 48 பிளாக், மொத்தம் 9,984 பைட். ஒரு ஸ்டாடிக் கேரக்டர் அர்ரே. காலியாக இருக்கும் ஒவ்வொரு பிளாக்கின் தொடக்கத்திலும் அடுத்த காலி பிளாக்கின் முகவரி. முதல் காலி பிளாக்கின் முகவரியை வைத்திருக்கும் தலைப் பாயிண்டர் ஒன்று. எடுக்கும்போது தலையை எடுத்துக்கொண்டு அடுத்ததைத் தலையாக்குகிறேன். திருப்பும்போது பழைய தலையை அந்த பிளாக்குக்குள் எழுதிவிட்டு அதையே தலையாக்குகிறேன். அவ்வளவுதான், முப்பது வரிகூட இல்லை.

இப்போது இரண்டு தொல்லை. மூன்று நாளுக்கு ஒருமுறை இரண்டு வெவ்வேறு சென்சாரின் செய்திகள் ஒரே பிளாக்கில் ஒன்றன்மேல் ஒன்று எழுதப்படுகின்றன. எப்போதாவது ஹார்ட் ஃபால்ட்டும் (சிப் மேலே தொடர முடியாமல் நின்றுவிடும் பிழை) வருகிறது. முப்பது வரியை நூறு முறை படித்துவிட்டேன். தவறு கண்ணில் படவில்லை.

மணிக்கூண்டு

ஒரே கேள்வி. பிளாக்கை எடுப்பது இன்டரப்ட் (நடக்கும் வேலையை இடையில் நிறுத்திவிட்டு ஓடும் நிரல்) உள்ளிருந்தா, மெயின் லூப்பிலிருந்தா?

விதைநெல்

முதல் பைட் வந்ததும் சீரியல் இன்டரப்ட் உள்ளேயே எடுக்கிறேன். திருப்புவது மெயின் லூப்பில். மேலே அனுப்பும் செய்திகளுக்காக மெயின் லூப்பும் அவ்வப்போது எடுக்கும்.

மணிக்கூண்டு

அப்படியானால் அந்த முப்பது வரியை இன்னும் நூறு முறை படித்தாலும் தெரியாது. வரிகள் சரிதான், அவற்றுக்கு நடுவில் நடப்பதுதான் சிக்கல். ஒரு தாளில் இப்படி வரைந்து பாருங்கள்.

காலிப் பட்டியலில் முதலில் அ, அதன்பின் இ, அதன்பின் மற்றவை என்று வைத்துக்கொள்ளுங்கள். மெயின் லூப் உ என்ற பிளாக்கைத் திருப்புகிறது. முதல் படியாக உ-வுக்குள் "எனக்கு அடுத்தது அ" என்று எழுதிவிட்டது. தலையை மாற்றும் முன் இன்டரப்ட் குறுக்கே வருகிறது. அது அ-வை எடுத்துக்கொள்கிறது, தலை இ ஆகிறது, சென்சார் செய்தி அ-வில் எழுதப்படத் தொடங்குகிறது. இன்டரப்ட் முடிந்து மெயின் லூப் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது: தலை = உ. இப்போது பட்டியல் என்ன? உ, அதற்கடுத்து அ. ஆனால் அ ஏற்கெனவே ஒருவர் கையில் இருக்கிறது! அடுத்து எடுப்பவருக்கு உ போகும், அதற்கடுத்தவருக்கு அ போகும். உங்கள் முதல் தொல்லை இதுதான்.

ஹார்ட் ஃபால்ட்டும் இதே கதையின் மறுபக்கம். மெயின் லூப் பிளாக் எடுக்கும்போது தலையைப் படிக்கிறது, அ என்று வருகிறது. அங்கே இன்டரப்ட் குறுக்கிட்டு அதே அ-வை எடுத்துத் தன் செய்தியின் முதல் பைட்டுகளை எழுதிவிடுகிறது. மெயின் லூப் திரும்பி வந்து "அ-வுக்கு அடுத்தது எது" என்று அ-வைத் திறந்து பார்க்கிறது. அங்கே இருப்பது முகவரி அல்ல, சென்சாரின் தலைப்பு பைட்டுகள். அவற்றை முகவரியென்று நம்பித் தலையில் வைத்துக்கொள்கிறது. அடுத்தமுறை எடுக்கும்போது எங்கோ தொட்டு விழுகிறது.

இரண்டு கட்டளைகளுக்கு நடுவில் இன்டரப்ட் சரியாக விழவேண்டும் என்பதால்தான் மூன்று நாள் ஆகிறது. செய்திகள் இன்னும் வேகமாக வந்தால் மூன்று மணி நேரத்திலேயே வரும்.

தீர்வு: எடுப்பது, திருப்புவது இரண்டையும் இன்டரப்டை நிறுத்திவைத்துச் செய்யுங்கள். உள்ளே ஐந்தாறு கட்டளைகள்தான், இன்டரப்ட் தாமதம் கணக்கிலேயே வராது. ஆனால் ஒன்றில் கவனம். வேலை முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு "இன்டரப்டைத் திற" என்று எழுதாதீர்கள். உள்ளே வரும்போது என்ன நிலை இருந்ததோ அதைச் சேமித்து வைத்து அதையே திருப்புங்கள். இல்லையென்றால், ஏற்கெனவே இன்டரப்ட் மூடியிருக்கும் ஓர் இடத்திலிருந்து யாராவது பூலை அழைத்தால், வெளியே வரும்போது அவர் மூடியிருந்த கதவையும் சேர்த்துத் திறந்துவிடுவீர்கள்.

நீள்வட்டம்

கம்பேர் அண்ட் ஸ்வாப் (ஒப்பிட்டு, மதிப்பு மாறாமல் இருந்தால் மட்டும் ஒரே வீச்சில் மாற்றுவது) வைத்து லாக் இல்லாமல் எழுதலாமே? இன்டரப்டை மூடுவது பழைய முறை அல்லவா.

மணிக்கூண்டு

எம்0-வில் அதற்கான கட்டளையே கிடையாது. எக்ஸ்க்ளூசிவ் லோட், ஸ்டோர் கட்டளைகள் எம்3-இலிருந்துதான் வருகின்றன.

பல கோர் உள்ள பெரிய கணினியிலும் இதை எளிதென்று நினைக்கவேண்டாம். தலையில் அ இருக்கிறது என்று ஒரு த்ரெட் (இணையாக ஓடும் நிரல் ஓட்டங்களில் ஒன்று) படிக்கிறது, அதற்கடுத்தது இ என்பதையும் படித்து வைத்துக்கொள்கிறது. அதற்குள் வேறு த்ரெட்டுகள் அ-வை எடுத்து, இ-யையும் எடுத்து, அ-வை மட்டும் திருப்பிவிடுகின்றன. முதல் த்ரெட் ஒப்பிட்டுப் பார்க்கிறது. தலையில் அதே அ இருப்பதால் ஒப்பீடு சரி என்கிறது. இன்னொருவர் கையில் இருக்கும் இ-யைத் தலையாக்கிவிடுகிறது. ஏபிஏ சிக்கல் என்று பெயர் பெற்றது இது. தலையோடு ஒரு எண்ணியையும் சேர்த்து, ஒவ்வொரு மாற்றத்துக்கும் அதைக் கூட்டி, இரண்டையும் ஒரே வீச்சில் மாற்றினால்தான் தப்பிக்கலாம். இந்தக் கருவிக்கு அவ்வளவு எதற்கு?

ஓரெழுத்து

பூலின் ஸ்டாடிக் அர்ரே கேரக்டர் வகை என்று எழுதியிருக்கிறீர்கள். அதன் தொடக்க முகவரி 4-ஆல் வகுபடும் என்று சி மொழி உறுதி தருவதில்லை. எம்0-வில் வகுபடாத முகவரியிலிருந்து ஒரு வேர்டை, அதாவது 4 பைட்டைச் சேர்த்துப் படித்தால் ஹார்ட் ஃபால்ட்தான். இதுவரை லிங்கர் (மாறிகளுக்கு முகவரி ஒதுக்கும் கருவி) நல்ல இடத்தில் வைத்திருக்கிறது. நாளை மேலே ஒரு புதிய பைட் மாறியைச் சேர்த்தால் நகர்ந்துபோகலாம்.

இன்னொன்று. கேரக்டர் அர்ரே என்று அறிவித்த இடத்தை ஸ்ட்ரக்ட் பாயிண்டர் வழியாகப் படிப்பதும் எழுதுவதும் சி தரநிலைப்படி வரையறுக்கப்படாத நடத்தை. மாலக் தரும் இடத்துக்கு அறிவிக்கப்பட்ட வகை எதுவும் இல்லாததால் அங்கே அந்தச் சிக்கல் இல்லை. நம் அர்ரேவுக்கு வகை உண்டு. ஆப்டிமைசேஷன் கூடும்போது கம்பைலர் இதைப் பயன்படுத்திக்கொள்ள உரிமை இருக்கிறது.

இரண்டுக்கும் ஒரே மருந்து: ஒரு யூனியன், அதாவது ஒரே இடத்தைப் பல வகையாகப் பயன்படுத்த விடும் அமைப்பு. அதற்குள் ஒன்று "அடுத்தது" என்ற பாயிண்டர், மற்றொன்று உங்கள் செய்தி ஸ்ட்ரக்ட். அந்த யூனியன் வகையில் 48 உறுப்புகள் கொண்ட அர்ரே. அலைன்மென்ட் (முகவரி சரியாக வகுபடுவது), அளவை மேல்நோக்கிச் சரிசெய்வது எல்லாவற்றையும் கம்பைலரே பார்த்துக்கொள்ளும். எந்த வகைக்கும் பொதுவான பூல் வேண்டுமென்றால் சி11-இல் வந்த அலைன்ஆஸ் சொல்லைப் பயன்படுத்தலாம், ஆனால் வகைச் சிக்கல் அப்படியே நிற்கும். ஒரே வகை பொருளுக்கு ஒரு பூல் என்றிருக்கும்போது யூனியனைவிடச் சுத்தமான வழி இல்லை.

தறிநூல்

ஒரு அடிப்படைச் சந்தேகம், கேட்கலாமா? ஃப்ரீஆர்டாஸ் என்ற சிறு கருவிகளுக்கான இயக்கமுறைமையில் ஹீப் 4 என்று ஓர் ஒதுக்கீட்டு முறை இருக்கிறது, பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் காலி இடங்களைச் சேர்த்துவிடும் என்கிறார்கள். அதைப் போட்டிருந்தால் சிதறலே வந்திருக்காதே? பூல் எதற்கு?

பனிக்கூர்மை

நல்ல கேள்வி தம்பி, பலர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

பக்கத்தில் இருக்கும் காலி இடங்களைச் சேர்க்கலாம். நடுவில் ஒருவர் உட்கார்ந்திருந்தால் சேர்க்க முடியாது. அவரை எழுப்பி நகர்த்தவும் முடியாது, ஏனென்றால் சி நிரலில் அவர் முகவரியை யார் யார் வைத்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. 20 கேபி ஹீப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 40 பைட் உயிரோடு, 160 பைட் காலி, மறுபடி 40 பைட் உயிரோடு என்று நிரம்பியிருக்கிறது. மொத்தம் 102 இடத்தில் 40 பைட், அதாவது 4,080 பைட்தான் பயன்பாட்டில். காலி 16 ஆயிரம் பைட்டுக்கு மேல். 180 பைட் கேளுங்கள், கிடைக்காது. ஐந்தில் நான்கு பங்கு காலியாக இருந்தும் கிடைக்காது. ஹீப் 4 போட்டாலும் இதுதான்.

இது ஏதோ ஒரு மாலக்கின் குறை இல்லை. பொருள்களை நகர்த்த முடியாத எந்த ஒதுக்கீட்டு முறையையும் எவ்வளவு மோசமான நிலைக்குத் தள்ள முடியும் என்று 1970-களின் தொடக்கத்திலேயே ராப்சன் என்ற ஆய்வாளர் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். அளவுகள் 1, 2, 4, 8, 16 அலகு என்று மட்டும் இருந்தால்கூட, எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக ஒதுக்கினாலும், உயிரோடு இருக்கும் பைட்டுகளைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு இடம் தேவைப்படும்படி கோரிக்கைகளின் வரிசையை அமைக்க முடியும். அன்றாடம் அப்படி நடக்காது. ஆனால் "நடக்கவே நடக்காது" என்று கையெழுத்துப் போட முடியாது.

பூலில் எல்லா ஓட்டையும் ஒரே அளவு, அதனால் எந்த ஓட்டையும் எவருக்கும் பொருந்தும். வெளிச் சிதறல் என்ற பேச்சே இல்லை. விலை என்னவென்றால் 40 பைட் செய்தியும் 208 பைட் பிளாக்கில் உட்காரும். தெரிந்தே கொடுக்கும் விலை அது.

சி நிரலைப் பாதுகாப்பாக எழுதுவதற்கான மிஸ்ரா 2012 தொகுப்பில் விதி 21.3 மாலக், ஃப்ரீ இரண்டையும் பயன்படுத்தாதே என்கிறது. நாசாவின் ஜெட் ப்ரொபல்ஷன் லேப் ஆய்வாளர் ஹோல்ஸ்மன் 2006-இல் எழுதிய பத்து விதிகளிலும், தொடக்க வேலை முடிந்தபிறகு டைனமிக் ஒதுக்கீடு கூடாது என்பது ஒரு விதி. வேகத்துக்காக அல்ல இவை. "அதிகபட்சம் எத்தனை?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஓட்டாதே என்பதற்காக. பூல் எழுதும்போது 48 என்று ஓர் எண்ணைப் போட்டீர்களே விதைநெல், அந்த 48 எங்கிருந்து வந்தது? எனக்கு இந்த இழையில் அதுதான் முக்கியமான கேள்வி.

கல்தூண்

எல்லாரும் பூல் பூல் என்று ஒரே பக்கமாகப் பேசுவதால் மறுபக்கமும் சொல்லிவைக்கிறேன். சர்வர் நிரல் எழுதும் யாராவது இதைப் படித்துவிட்டு நாளைக்கே மாலக்கைத் தூக்கி எறியவேண்டாம்.

இன்றைய ஜிலிப்சி (லினக்ஸின் சி நூலகம்) மாலக்கின் உள்ளேயே பூல் மாதிரியான அமைப்புதான் இருக்கிறது. 2017-இல் வந்த 2.26 பதிப்பிலிருந்து ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனித்தனி டிகேஷ். அளவு வாரியாகப் பிரித்த காலிப் பட்டியல்கள், லாக் இல்லாமலேயே எடுக்கலாம். நீங்கள் எழுதும் முப்பது வரி அதைவிட வேகம் என்பதை அளந்து காட்டிவிட்டு எழுதுங்கள். சிறு பொருள்கள் லட்சக்கணக்கில் இருந்தால் இடம் மிச்சமாகும், அதை ஒப்புக்கொள்கிறேன். 64-பிட்டில் 24 பைட் கேட்டால் 32 பைட் போகிறது, 25 கேட்டால் 48 போகிறது.

ஆனால் இழப்பது என்ன? மாலக்கைச் சுற்றி இருபது வருடமாகக் கட்டிய காவல் எல்லாம். நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் கருவிகளான அட்ரஸ் சானிடைசருக்கும் வால்கிரைண்டுக்கும் உங்கள் பூல் ஒரே ஒரு பெரிய ஒதுக்கீடாகத்தான் தெரியும். உள்ளே ஒரு பிளாக்கைத் திருப்பிக் கொடுத்தபிறகு தொட்டாலும் அவை வாய் திறக்காது.

ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகத்தில் 2014-இல் வெளிவந்த ஹார்ட்பிளீட் பாதுகாப்பு ஓட்டை நினைவிருக்கிறதா? நீளத்தைச் சரிபார்க்காமல் பஃபரைத் தாண்டிப் படித்ததுதான் மூலத் தவறு. ஆனால் ஓப்பன்எஸ்எஸ்எல் பஃபர்களுக்காகத் தனக்கென்று ஒரு காலிப் பட்டியல் வைத்திருந்தது. பழைய தரவோடு இருக்கும் பஃபர்கள் மாலக்குக்குத் திரும்பாமல் அங்கேயே சுற்றின. திருப்பிய இடத்தைக் குப்பையால் நிரப்பி, தொட்டால் விழவைக்கும் மாலக்குகளின் பாதுகாப்பு அந்த பஃபர்களை எட்டவே இல்லை.

பனிக்கூர்மை

கல்தூண் சொல்வதை முழுக்க ஏற்கிறேன், சர்வருக்கு. ஆனால் அந்தக் காவலைப் பூலிலும் கட்டலாம். அட்ரஸ் சானிடைசருக்கு "இந்தப் பகுதி நஞ்சு" என்று நாமே சொல்லும் மேக்ரோ உண்டு. வால்கிரைண்டிலும் பூலுக்கென்றே அறிவிப்பு மேக்ரோக்கள் உண்டு. பிளாக் திரும்பும்போது நஞ்சு, போகும்போது நீக்கம், இரண்டு வரி. பூல் எழுதுகிற எவரும் அந்த இரண்டு வரியையும் சேர்த்தே எழுதவேண்டும் என்பது என் பிடிவாதம்.

விதைநெல்

மணிக்கூண்டு அண்ணா, நீங்கள் வரைந்து காட்டியதுபோலவே தாளில் வரைந்தேன். அப்படியே பொருந்துகிறது. இன்டரப்டை மூடி, பழைய நிலையைத் திருப்பும்படி மாற்றினேன். ஓரெழுத்து சொன்ன யூனியனும் வந்துவிட்டது. ஹார்ட் ஃபால்ட் நின்றுவிட்டது, ஒரு வாரமாக வரவில்லை.

ஆனால் ஒரே பிளாக் இரண்டு இடத்துக்குப் போவது இன்னும் ஒருமுறை நடந்தது. ஆறாம் நாள். அதுவும் இந்தமுறை விசித்திரமாக, நடந்த நொடியிலிருந்து எத்தனை முறை கேட்டாலும் அதே பிளாக்தான் திரும்பத் திரும்ப வந்தது. பூல் காலியே ஆகவில்லை.

மணிக்கூண்டு

"காலியே ஆகவில்லை" என்ற வார்த்தை போதும். இரண்டுமுறை ஃப்ரீ செய்கிறீர்கள்.

அ-வைத் திருப்புகிறீர்கள், தலை அ. உடனே அதே அ-வை மறுபடி திருப்புகிறீர்கள். "அ-வுக்கு அடுத்தது தலை" என்று எழுதும்போது தலையும் அ-தான். அ-வுக்கு அடுத்தது அ. பட்டியல் தன் வாலைத் தானே பிடித்துக்கொண்டது, மற்ற 47 பிளாக்கும் தொலைந்தன. நடுவில் இன்னொரு பிளாக் திரும்பியிருந்தால் இரண்டும் மாறி மாறி வரும்.

ரேடியோவில் நேரம் கடந்துபோனால் செய்தியை விட்டுவிடும் பாதையைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

ஓரெழுத்து

இந்த இடத்தில் என் கருத்தை அழுத்தமாகச் சொல்லவேண்டும். காலிப் பட்டியலைப் பிளாக்குகளுக்கு உள்ளேயே வைப்பது அழகான உத்தி, எல்லாப் பாடங்களிலும் இருக்கிறது. "கூடுதல் இடம் பூஜ்யம்" என்று பெருமையாகச் சொல்வார்கள். சிறு கருவியில் அந்தப் பெருமை வேண்டாம் என்பேன். ஒரு செய்தி தன் பிளாக்கைத் தாண்டி நான்கு பைட் எழுதினால் பக்கத்துக் காலி பிளாக்கின் பாயிண்டர் போகும். தவறு ஓரிடத்தில், விழுவது வேறிடத்தில், வேறு நாளில்.

உங்களுக்கு 48 பிளாக். எண் ஒரு பைட்டில் அடங்கும். 48 பைட் அர்ரே ஒன்றை ஸ்டேக் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், அதில் காலி பிளாக்குகளின் எண்கள். மேலே எத்தனை இருக்கின்றன என்று ஓர் எண்ணி. எடுப்பது என்றால் எண்ணியைக் குறைத்து அங்கிருக்கும் எண்ணை எடுப்பது. திருப்புவது என்றால் எழுதிவிட்டு எண்ணியைக் கூட்டுவது. கூடவே பிளாக்குக்கு ஒரு பிட், "வெளியே இருக்கிறது" என்று, 6 பைட். ஆக 54 பைட் செலவு, 9,984-க்கு எதிரே.

இதற்குக் கிடைப்பதைப் பாருங்கள். திருப்பும்போது மூன்று கேள்விகள் கேட்கலாம். இந்த முகவரி பூலுக்கு உள்ளேதானா? தொடக்கத்திலிருந்து கழித்தால் பிளாக் அளவால் மீதியின்றி வகுபடுகிறதா? அந்த எண்ணின் பிட் "வெளியே" என்று சொல்கிறதா? மூன்றாவதற்கு இல்லை என்று பதில் வந்தால் அது இரண்டாம் ஃப்ரீ. அந்த நொடியிலேயே, அதைச் செய்த செயற்கூறு இன்னும் கால் ஸ்டேக்கில் (நடந்துகொண்டிருக்கும் அழைப்புகளின் அடுக்கு) நிற்கும்போதே, பிடித்துவிடலாம். முகவரி எல்லையைச் சோதிக்கும்போது பாயிண்டர்களை நேரடியாகப் பெரிது சிறிது என்று ஒப்பிடாமல் முழு எண்ணாக மாற்றி ஒப்பிடுங்கள். வெவ்வேறு அர்ரேக்களின் பாயிண்டர்களை அப்படி ஒப்பிடுவதற்குத் தரநிலையில் பொருள் இல்லை.

எம்0-வில் வகுத்தல் கட்டளை கிடையாது, 208-ஆல் வகுப்பது நூலகச் செயற்கூறாக நடக்கும். உறுத்தினால் இன்டரப்டை மூடும் முன்பே வகுத்துவிடுங்கள். வகுப்பதற்குப் பொது நிலை எதுவும் தேவையில்லை.

தறிநூல்

எனக்கு எட்டு பிளாக் மட்டும்தான் தேவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கொடி வைத்து, முதலிலிருந்து தேடி எடுத்தால் தவறா?

ஓரெழுத்து

தவறே இல்லை. எட்டு பிளாக்குக்கு அதுதான் நல்லது. அதிகபட்சம் எட்டு ஒப்பீடு, அதுவும் எல்லை தெரிந்த நேரம்தான்.

விதைநெல்

பிடித்துவிட்டேன்! இரண்டாம் நாளே அந்த மூன்றாவது சோதனையில் நிரல் நின்றது. மணிக்கூண்டு அண்ணா சொன்ன அதே இடம். ரேடியோ அனுப்பும் செயற்கூறு, நேரம் கடந்தால் தானே பிளாக்கைத் திருப்பிவிட்டுப் பிழை எண்ணைத் தருகிறது. அழைத்த இடத்தில் பிழை எண்ணைப் பார்த்ததும் நானும் திருப்புகிறேன். இரண்டையும் நான்தான் எழுதினேன், நான்கு மாத இடைவெளியில்.

இப்போது ஒரே விதி வைத்துக்கொண்டேன்: அனுப்பும் செயற்கூறிடம் கொடுத்துவிட்டால் பிளாக் அதனுடையது, வென்றாலும் தோற்றாலும் அதுதான் திருப்பும். கொடுத்தவன் தன் பாயிண்டரை உடனே நல் ஆக்கிவிடவேண்டும். ஹெடர் ஃபைலில் ஒவ்வொரு செயற்கூறுக்கு மேலேயும் "பிளாக்கை ஏற்றுக்கொள்கிறது", "பார்த்துவிட்டுத் தருகிறது" என்று எழுதிவிட்டேன்.

பனிக்கூர்மை கேட்ட கேள்விக்கு இப்போதுதான் வருகிறேன். 48 எங்கிருந்தும் வரவில்லை. 10,000 பைட்டுக்குள் எத்தனை அடங்குமோ அத்தனை.

பனிக்கூர்மை

அப்படித்தான் பெரும்பாலோர் தொடங்குகிறோம். இப்போது கணக்கைப் போடுவோம். நொடிக்கு எத்தனை செய்தி, ஒன்றை எவ்வளவு நேரம் வைத்திருக்கிறீர்கள், எந்த நீளத்தில் எத்தனை?

விதைநெல்

சராசரி நொடிக்கு 20. பதில் வர வழக்கமாக ஒன்றரை நொடி. ரேடியோ மோசமானால் 4 நொடி வரை, அதற்குப்பின் விட்டுவிடுவேன். பத்தில் எட்டு செய்தி 48 பைட்டுக்குள். மீதிதான் 200 வரை போகும்.

பனிக்கூர்மை

வரும் வேகத்தைத் தங்கும் நேரத்தால் பெருக்கினால் சராசரியாக உள்ளே இருப்பவை: 20-ஐ 1.5-ஆல் பெருக்க 30. லிட்டில் விதி என்பார்கள். ரேடியோ மோசமான நாளில் 20-ஐ 4-ஆல் பெருக்க 80. அதாவது உங்கள் 48 நல்ல நாளுக்குப் போதும், கெட்ட நாளுக்குப் போதாது. தவறுகளை எல்லாம் திருத்தியபிறகும் கெட்ட நாளில் பூல் காலியாகி நல் வந்திருக்கும்.

80-ம் சராசரிதான். அலை அலையாக வந்தால் கூடும். ஆனால் எல்லாவற்றுக்கும் 208 பைட் எதற்கு? இரண்டு பூலாகப் பிரியுங்கள். 56 பைட்டில் 80 பிளாக் 4,480 பைட். 208 பைட்டில் 24 பிளாக் 4,992 பைட். இரண்டும் சேர்ந்து 9,472. முன்பைவிடக் குறைந்த இடம், 48-க்குப் பதில் 104 செய்தி. சிறிய செய்திகள் கெட்ட நாளில் சராசரி 64, பெரியவை 16. இரண்டிலும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

சிறிய பூல் தீர்ந்தால் பெரியதிலிருந்து எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். ஒருமுறை அனுமதித்தால் பெரிய செய்திக்கு 24 இடம் உண்டு என்று இனி உங்களால் சொல்ல முடியாது.

கல்தூண்

இதற்கு நான் மாறுபடுகிறேன். காலி இடத்தைக் கையில் வைத்துக்கொண்டு செய்தியைக் கீழே போடுவது சரியில்லை. பெரிய பூலில் பத்துக்கு மேல் காலியாக இருந்தால் மட்டும் கடன் கொடுக்கலாம் என்று எல்லை வைத்தால் போதாதா?

பனிக்கூர்மை

எல்லையோடு என்றால் ஒப்புக்கொள்கிறேன். அப்போது "பெரிய செய்திக்குக் குறைந்தது பத்து" என்று உறுதி சொல்லலாம். எண் மாறுகிறது, உறுதி இருக்கிறது.

மணிக்கூண்டு

பிளாக் தீர்ந்துபோனால் என்ன செய்வீர்கள் என்று இன்னும் யாரும் கேட்கவில்லை. வெளியே அனுப்பும் செய்திக்கும் அதே பூலில்தானே எடுக்கிறீர்கள்? சென்சார் அலை ஒன்று வந்து பிளாக்குகள் எல்லாம் தீர்ந்தன என்று வையுங்கள். அவை விடுபட ரேடியோவில் ஏதாவது அனுப்பவேண்டும். அனுப்ப ஒரு பிளாக் வேண்டும். பிளாக் இல்லை. அதனால் எதுவும் விடுபடாது. எல்லாச் செய்தியும் 4 நொடி காத்திருந்து சாகும், உடனே அடுத்த அலை அந்த இடங்களை நிரப்பும். வெளியிலிருந்து பார்த்தால் கருவி உயிரோடுதான் இருக்கும், ஒரு செய்தியும் மேலே போகாது.

முன்பு ஒரு வேலையில் இதே நிலையை இரண்டு வாரம் தேடினேன். பூலில் தவறில்லை, ரேடியோவில் தவறில்லை, எல்லாம் தனித்தனியே சரி. அனுப்பும் பக்கத்துக்கென்று நான்கு பிளாக்கைத் தனியே எடுத்துவைத்த அன்றோடு நின்றது.

உள்ளே வருவதில் எதைக் கைவிடுவது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். அளவீடு என்றால் பழையதைப் போட்டுவிட்டுப் புதியதை எடுங்கள், பழைய வெப்பநிலை யாருக்கும் வேண்டாம். எச்சரிக்கை என்றால் எக்காரணம் கொண்டும் பழையதை விடக்கூடாது, முதலில் வந்ததுதான் காரணத்தைச் சொல்லும்.

நீள்வட்டம்

இவ்வளவும் நாமே எழுதவேண்டுமா? ஆர்டாஸ்களில் (சிறு கருவிகளுக்கான இயக்கமுறைமைகள்) கிடைக்காதா?

ஓரெழுத்து

பூல் கிடைக்கும். ஜெஃபிரில் மெம் ஸ்லாப், த்ரெட்எக்ஸில் பிளாக் பூல். ஸ்லாப் என்ற பெயரே சோலாரிஸ் 2.4-க்காக பான்விக் எழுதி 1994-இல் கட்டுரையாக வெளியிட்ட ஒதுக்கீட்டு முறையிலிருந்து வருகிறது. லினக்ஸ் கர்னலும் அந்த வழியில் வந்ததுதான். ஏற்கெனவே ஆர்டாஸ் இருந்தால் அதில் உள்ளதை எடுங்கள். மணிக்கூண்டு கேட்ட கேள்விக்குப் பதில் மட்டும் எந்த நூலகத்திலும் வராது.

விதைநெல்

இருபத்து மூன்று நாள் கழித்து எழுதுகிறேன்.

இரண்டு பூல், எண் ஸ்டேக், வெளியே பிட். அனுப்பும் பக்கத்துக்கென்று தனியாக 208 பைட்டில் நான்கு பிளாக், மூன்றாவது பூலாக. மொத்தம் 10,304 பைட். மாலக் எங்குமே இல்லை. லிங்கர் மேப்பில் அந்தப் பெயரே வரக்கூடாது என்று பில்டில் ஒரு சோதனையும் வைத்துவிட்டேன். ஒவ்வொரு பூலும் இதுவரை ஒரே நேரத்தில் எத்தனை பிளாக் வெளியே போயின என்ற உச்ச எண்ணை வைத்துக்கொள்கிறது. நாளுக்கு ஒருமுறை அதை மேலே அனுப்புகிறது.

ஆன்டெனாவைக் கழற்றிவைத்து ஒரு மணி நேரம் வேண்டுமென்றே ஓட்டினேன். சிறிய பூலின் உச்சம் 80-க்கு 80, ஆம், தீர்ந்துபோனது. 212 பழைய அளவீடுகளைக் கைவிட்டது, எச்சரிக்கை ஒன்றுகூடப் போகவில்லை. பெரியதில் உச்சம் 19. ஆன்டெனாவை மாட்டிய மூன்றாவது நொடியில் வரிசை நகரத் தொடங்கியது. முன்பென்றால் ரீசெட் பட்டனை அழுத்தியிருப்பேன்.

மணிக்கூண்டு அண்ணா, அந்த நான்கில் உச்சம் 3. நான்காவதை எடுத்துவிடலாமா?

மணிக்கூண்டு

208 பைட்தானே, இருக்கட்டும். ஆன்டெனா இல்லாமல் ஒரு மணி நேரம் போதாது, ஓர் இரவு முழுக்க ஓட்டிவிட்டு அந்த 3-ஐ மறுபடி பாருங்கள்.